ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முழங்கால்

கேள்வி: எனக்கு 62 வயது. திருகோணமலை நகரில் தனியாக இருக்கிறேன். தொய்வும் (ஆஸ்மா) பிறெஷரும் பல வருடமாக உண்டு. இப்போது வலது முழங்காலும் தேய்ந்துவிட்டதாம். நடக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லவில்லை. இந்த மார்கழியில் ஒரு காலையாவது கோணேசர் மலைக்குத் தனியே நடந்துபோக ஆசை. ஆட்களோடு போனால் எல்லோரும் என் மூச்சைத்தான் கவனிக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகன் ‘தனியே வேண்டவே வேண்டாம்’ என்கிறான். என்ன செய்யட்டும்?
– வாசகி, திருகோணமலை

பதில்: போங்கள், அக்கா. கூட வருபவரின் நடைக்கு ஈடுகொடுக்கப் பார்த்துத்தான் பலருக்கு மூச்சு முட்டுகிறது. தனியே போனால் ஆறுதலாக நடக்கலாம், நினைத்த இடத்தில் நிற்கலாம், யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

உங்கள் சிக்கல் வேறு. ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம், ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரத்தை அது தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே நடந்து ஏறுங்கள், ஓட்டோவில் இறங்குங்கள். தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏறும்போது அளவு சுலபம். நடந்தபடியே ஒரு முழு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால் நில்லுங்கள். கோட்டை வாசலிலிருந்து மேலே போகும் பாதையில் நிழலும் உண்டு, நிற்கச் சாக்காக மான்களும் உண்டு. (கையில் வாழைப்பழப் பை வேண்டாம். மான்கள் பின்னாலேயே வரும், தடியூன்றி நடப்பவருக்கு அது தொல்லை.) தடியை இடது கையில் பிடியுங்கள், நோகிற காலுக்கு எதிர்க்கைதான் சரி. அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

நம் ஊர் மார்கழியில் குளிரைவிட மழையும் வாடையும்தான் பயம். கோணேசர் இருக்கும் சுவாமிமலை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் மேலே காற்று நேராக முகத்தில் அடிக்கும். மூக்கையும் வாயையும் மூட ஒரு சால்வை போதும். முதல் நாள் மழை பெய்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஈரக் கல்லில் நடக்க வேண்டியிருக்கும், அந்த நாளைத் தள்ளிவையுங்கள். திருவெம்பாவை நாட்களின் விடியற்காலை நெரிசலையும் விடுங்கள். உள்ளே சாம்பிராணிப் புகை அடர்த்தியாக இருந்தால் வெளியே நின்று கும்பிடுங்கள். தொய்வுக்கு அது ஆகாது.

மூச்சு முட்டும்போது இழுக்கும் நீல பம் (இன்ஹேலர்) சட்டைப்பையிலோ இடுப்பிலோ இருக்கட்டும், கைப்பைக்கு அடியில் அல்ல. நடக்கத் தொடங்க 10, 15 நிமிடம் முன் அதை இழுக்கலாமா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்; சிலருக்கு அப்படிச் சொல்வார்கள். அந்த வாரம் இரவில் இருமலோ இழுப்போ வந்திருந்தால் போக வேண்டாம். கடலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று எழும்பாதீர்கள், பிறெஷர் குளிசை எடுப்பவர்களுக்குத் தலை சுற்றலாம். நெஞ்சு இறுகினாலோ, பம் இழுத்தும் மூச்சு அடங்காவிட்டாலோ உடனே 1990-க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

பாதியில் திரும்பினால் நடை வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். சம்பந்தர் இந்தக் கரைக்கு வரவே இல்லை. இராமேசுவரத்தில் நின்றபடிதான் கோணமாமலையைப் பாடினார் என்பது மரபு. கோட்டைக்குள் மான் நிற்கும் இடம்வரை போய் வந்தாலும் கோணேசர் கோபிக்க மாட்டார்.

மகனிடம் அனுமதி கேட்க வேண்டாம், விவரம் சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள், எந்த ஓட்டோ, அவருடைய நம்பர் என்ன என்று எழுதி அனுப்புங்கள். வீடு திரும்பியதும் ஒரு வரி. இங்கே காலை ஏழரை என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஒன்பது மணி. மகன் படுக்கப்போகுமுன் உங்கள் செய்தி போய்விடும்.