எந்த பல்பு? (கடிதம்)

அன்புள்ள சார்,

தர்மபுரி பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டால் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேள்வி கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார்கள். புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடு வீடியோக்களிலும் இதே கதைதான். டிஜிட்டல் எல்லாம் வெறும் வேடிக்கைதானா?

க.

அன்புள்ள க.,

வேடிக்கை தப்பில்லை. பார்ப்பதற்கு முன்னால் பிள்ளை ஒரு பக்கம் பந்தயம் கட்டியிருக்க வேண்டும்.

நண்பர் ஒருவரின் ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பேட்டரி, தொடரிணைப்பில், அதாவது ஒரே வழியில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரி இரண்டு பல்பு. எது பிரகாசமாக எரியும்? ஆளுக்கொரு ப்ளிக்கர்ஸ் அட்டை கொடுத்திருந்தார். வெறும் காகிதம்தான், க்யூஆர் மாதிரி கறுப்புக் கட்டம். எந்தப் பக்கத்தை மேலே தூக்கிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. ஆசிரியர் ப்ளிக்கர்ஸ் செயலி உள்ள தன் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்று ஓட்டினால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்பது வந்துவிடும். அட்டைக்கு அட்டை கட்டம் வேறு. பார்த்துக் காப்பியடிக்க முடியாது. (பளபள லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், வெளிச்சம் பட்டால் கேமரா தடுமாறும்.)

பாதிக்கு மேல் முதல் பல்பு என்றார்கள். அது கரண்டைக் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு அனுப்புமாம். அதன் பிறகே போர்டில் ஃபெட் (PhET) சிமுலேஷனைத் திறந்தார், திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் சோதனை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். இரண்டு பல்பிலும் கரண்டைக் காட்டும் நீலப் புள்ளிகள் ஒரே வேகத்தில் ஊர்ந்துபோயின, வெளிச்சமும் ஒன்றுதான். ஒரு கட்சி கத்தியது, இன்னொரு கட்சி கப்சிப்.

அடுத்து நிஜ பேட்டரி, நிஜ டார்ச் பல்பு. அங்கேதான் வினை. முதல் பல்பு கொஞ்சம் தூக்கலாகவே எரிந்தது. "பாத்தீங்களா சார்!" என்று தோற்ற கட்சி எழுந்துவிட்டது. நண்பர் விளக்கமே சொல்லவில்லை. "ரெண்டையும் இடம் மாத்திப் போடு" என்றார். ஒரு பெண் வந்து கழற்றி மாட்டினாள். தூக்கலான வெளிச்சம் அந்த பல்போடு சேர்ந்து இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. கடையில் வாங்கும் இரண்டு பல்பு அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது என்பதைச் சிமுலேஷன் காட்டாது.

இந்த ஒரு கேள்வியை வைத்து ஆரம்பியுங்கள். அட்டை பிரிண்ட் எடுக்க நேரமில்லையென்றால், கண்ணை மூடிக்கொண்டு விரலைக் காட்டச் சொல்லுங்கள்.