ஒரு கிராம் எடையைத் தரையில் நிறுத்துவது எப்படி? ரோசெட்டா பற்றிய கேள்வி பதில்

நீலகிரி வானியல் ஆர்வலர்கள் ஊட்டியில் கூடியபோது இந்த முறை எடுத்துக்கொண்டது ரோசெட்டா. 2004இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய இந்தக் கலம், 2014இல் 67பி சுர்யுமோவ்–கெராசிமென்கோ என்ற வால்மீனைச் சென்றடைந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஃபிலே என்ற இறங்குகலத்தை அதன் மேல் இறக்கியது. கேள்விகளை முன்பே எழுதி வாங்கிவிட்டோம். பதில் சொன்னவர், குழுவில் விண்கலப் பாதைக் கணக்கு தெரிந்த அக்கா ஒருவர்.

குன்னூர், கல்லூரி மாணவர்: அக்கா, போய்ச் சேரவே பத்து வருஷமா? நேரா போயிருக்கக் கூடாதா?

பக்கத்தில் ஓடிப்போய்ப் படம் எடுப்பது மட்டும் நோக்கம் என்றால் சீக்கிரம் போகலாம். 1986இல் ஜியாட்டோ கலம் ஹாலி வால்மீனை அப்படித்தான் பார்த்தது: சுமார் 600 கி.மீ. தூரத்தில், நொடிக்கு 68 கி.மீ. வேகத்தில் கடந்து போனது. கூடவே தங்க வேண்டுமானால் வால்மீனின் வேகமும் திசையும் கலத்துக்கும் வர வேண்டும். அந்த வேகத்தை நேரடியாகக் கொடுக்க ஏரியான் 5 ராக்கெட்டுக்குத் தெம்பு போதாது. அதனால் பூமியை மூன்று முறையும் செவ்வாயை ஒரு முறையும் உரசிப் போய், அவற்றின் ஈர்ப்பால் வேகத்தையும் பாதையையும் தேவைக்கு மாற்றிக்கொண்டார்கள். 2007 பிப்ரவரியில் செவ்வாய்க்கு 250 கி.மீ. உயரத்தில் போனபோது கலம் அதன் நிழலுக்குள் சிக்கியது; இருபது நிமிடத்துக்கு மேல் பேட்டரிதான் துணை.

முதலில் குறி வைத்தது விர்டனன் என்ற வேறு வால்மீன். 2002 டிசம்பரில் ஒரு ஏரியான் 5 வெடித்ததால் ஏவுதல் தள்ளிப்போய், அந்த வால்மீன் கைநழுவியது. 67பி மாற்று ஏற்பாடு. ஆனால் அது விர்டனனைவிடப் பெரியது. சின்ன வால்மீனுக்கென்று செய்த ஃபிலேயின் கால்களைப் பெரியதில் கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு இறங்க மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது.

மஞ்சூர், ஆசிரியை: நடுவில் கலத்தைத் தூங்க வைத்தார்களாமே?

957 நாள். 2011 ஜூன் முதல் 2014 ஜனவரி 20 வரை. சூரியனிலிருந்து சுமார் 80 கோடி கி.மீ. வரை போன கலம் அது, அங்கே பூமியில் கிடைக்கும் வெயிலில் 4 சதவீதம்தான். 64 சதுர மீட்டர் தகடு இருந்தும் எல்லாவற்றையும் ஓட்ட முடியாது. கணினியையும் சில ஹீட்டர்களையும் மட்டும் விட்டு, கலத்தை மெல்லச் சுழலவிட்டு, அலாரம் வைத்துவிட்டார்கள். அலாரம் அடித்ததும் முதலில் நட்சத்திரக் கேமராக்கள் சூடேற வேண்டும், அப்புறம் சுழற்சி நிற்க வேண்டும், கடைசியில் ஆன்டெனா பூமியைத் தேட வேண்டும். எல்லாம் தானாகவே.

கோத்தகிரி: இவ்வளவு சின்னக் கல்லை எப்படிச் சுற்றி வர முடியும்? ஈர்ப்பே இருக்காதே.

இருக்கிறது, ஆனால் அற்பம். வால்மீனின் நிறை சுமார் 1,000 கோடி டன். கணக்குப் போட்டால் 30 கி.மீ. தூரத்தில் சுற்று வேகம் நொடிக்கு 15 செ.மீ. வருகிறது. எறும்பைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு இரண்டு வாரம் ஆகும். 10 கி.மீ.க்கு இறங்கினால் மூன்று நாளுக்குக் கொஞ்சம் குறைவு.

சிக்கல், நிறை எவ்வளவு என்பதே போய்ச் சேரும்வரை சரியாகத் தெரியாது என்பதில். 2014 மே மாதத்தில் வால்மீனை நோக்கி நொடிக்கு 775 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த கலத்தை, எஞ்சினைத் திரும்பத் திரும்ப இயக்கி ஆகஸ்ட் 6இல் நொடிக்கு சுமார் 1 மீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். உடனே வட்டம் போடவில்லை. 100 கி.மீ. தூரத்தில் முக்கோணம் முக்கோணமாகப் பறந்தார்கள். ஒவ்வொரு முனையிலும் எஞ்சினைக் கொஞ்சம் இயக்கித் திரும்புவது. பாதை எவ்வளவு வளைகிறது என்பதை ரேடியோ சமிக்ஞையில் அளந்தால் நிறை கிடைக்கும். செப்டம்பரில்தான் 30 கி.மீ. சுற்றுப்பாதை.

அந்த நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி, தண்ணீரில் பாதிதான். அதாவது தண்ணீரில் போட்டால் மிதக்கும். உள்ளே முக்கால் பங்கு வெற்றிடம்.

கோத்தகிரி, அதே நபர்: அப்போ ஈர்ப்பைவிட வேறு ஏதாவது கலத்தைத் தள்ளுமா?

அதுதான் உண்மையான தலைவலி. வால்மீன் சூரியனை நெருங்க நெருங்க வாயுவும் தூசியும் பீறிடும். முனைக்கு முனை 32 மீட்டர் நீளமுள்ள சூரியத் தகடுகளில் அந்த வாயு படும்போது கலம் ஓரமாக நகரும். அதைக்கூடச் சமாளிக்கலாம், தூசிதான் மோசம். கலம் தன் திசையை நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் அறிகிறது. வெயிலில் மின்னும் ஒவ்வொரு தூசும் கேமராவுக்கு ஒரு நட்சத்திரம். 2015 மார்ச் 28இல் 14 கி.மீ. நெருக்கத்தில் பறந்தபோது நட்சத்திரக் கேமரா குழம்பி, ஆன்டெனா பூமியிலிருந்து விலகத் தொடங்கி, கலம் பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது. கருவிகள் எல்லாம் தானாக அணைந்துவிட்டன. அதன் பிறகு தூசியைப் பார்த்துப் பார்த்துத்தான் தூரத்தை வைத்தார்கள். 2015 ஆகஸ்ட் 13, சூரியனுக்கு மிக அருகே வந்த நாளில், கலம் 300 கி.மீ.க்கு அப்பால் நின்றது.

லவ்டேல், பள்ளி ஆசிரியர்: ஃபிலே தரையில் பட்டதும் எகிறியது ஏன்? பசங்க கேட்டால் என்ன சொல்வது?

எடையில் இருந்து தொடங்குங்கள். இங்கே 100 கிலோ உள்ள ஃபிலே அங்கே சுமார் ஒரு கிராம். ஒரு சிட்டிகை டீத்தூள் கனம். ஆனால் நிறை அதே 100 கிலோதான், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வந்து இடித்தால் இங்கே இடிக்கும் அதே வேகத்தாக்கம்தான். திரும்ப இழுத்துப் பிடிக்க மட்டும் ஆள் இல்லை. விடுபடு வேகமும், அதாவது வால்மீனின் ஈர்ப்பை விட்டுத் தப்பிப் போகத் தேவையான வேகமும், நொடிக்கு சுமார் ஒரு மீட்டர். வந்த வேகத்திலேயே திரும்பியிருந்தால் விண்வெளிக்கே போயிருக்கும்.

ஆகவே மூன்று ஏற்பாடு செய்திருந்தார்கள். தரையில் பட்டதும் கயிறு கட்டிய ஈட்டி போன்ற இரண்டு ஹார்பூன் சுட்டு நிலத்தில் குத்தி, கயிற்றைச் சுருட்டி இறுக்க வேண்டும். கீழே சுட்டால் கலம் மேலே உதைபடும். அதற்கு எதிராக மேல்பக்கத்தில் ஒரு வாயு உந்தி கலத்தைத் தரையோடு அழுத்த வேண்டும். மூன்று கால்களிலும் திருகாணிகள்.

உந்தி வேலை செய்யாது என்று முந்தின இரவே தெரிந்துவிட்டது. அப்படியும் இறக்கினார்கள். என் பார்வையில் அது சரியான முடிவு: நாள் தள்ளினால் வால்மீன் இன்னும் சூடாகும், உந்தியும் சரியாகப் போவதில்லை. 2014 நவம்பர் 12 காலை 8.35 கிரீன்விச் நேரத்துக்கு 22.5 கி.மீ. உயரத்தில் பிரிந்தது. நொடிக்கு 19 செ.மீ. தள்ளல், அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஏழு மணி நேரம் சும்மா விழுந்தது. வழியில் திருத்த எஞ்சினே இல்லை. பூமியிலிருந்து கட்டளை போக 28 நிமிடம் என்பதால் யாரும் எதுவும் செய்யவும் முடியாது. அப்படியும் குறித்த இடத்தின் நடுவிலிருந்து நூறு மீட்டர் சொச்சத்தில் வந்து பட்டது. பாதைக் கணக்குக்காரர்களை இதற்கு மெச்சவே வேண்டும்.

ஹார்பூன் சுடவில்லை. திருகாணிக்கும் பிடி கிடைக்கவில்லை. காப்பாற்றியது கால்களின் நடுத்தண்டு. இடியில் அது உள்ளே போகும்போது ஒரு மோட்டாரைச் சுழற்றி, மோதலின் ஆற்றலை மின்சாரமாக்கிச் செலவழித்துவிடும். அதனால்தான் ஒரு மீட்டர் வேகம் 38 செ.மீ. ஆகக் குறைந்து எகிறியது.

எகிறினாலும் உடனே கீழே வராது: 1 மணி 50 நிமிடம் மிதந்தது. இறங்கும்போது கலத்தை ஆடாமல் வைத்திருந்த சுழல்சக்கரம், தரை தொட்டாயிற்று என்று கணினி நினைத்ததால் அணைக்கப்பட்டது. சக்கரத்தின் சுழற்சி கலத்துக்கே ஏறி, 13 நொடிக்கு ஒரு சுற்று சுற்ற ஆரம்பித்தது. 16.20க்கு ஒரு பள்ளத்தின் விளிம்பை இடித்தது. அதன்பின் 24 நொடிக்கு ஒரு சுற்று. இதெல்லாம் படத்தில் பார்த்ததில்லை, காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியின் பதிவிலிருந்து எடுத்தது. 17.25க்கு இரண்டாவது முறை தரை, ஏழு நிமிடம் கழித்துக் கடைசி இடம். அந்த இரண்டாவது தொடல் நடந்த இடத்தை 2020இல்தான் கண்டுபிடித்தார்கள். ஃபிலே அங்கே பாறையின் உள்ளிருந்த பனியில் 25 செ.மீ. ஆழத்துக்கு அச்சுப் பதித்திருந்தது. நுரையைவிட மெத்தென்ற பனி அது. விபத்து கொடுத்த அளவீடு.

கூடலூர்: கடைசியில் பேட்டரி தீர்ந்துபோனதா?

ஆமாம். திட்டமிட்ட இடத்தில் 12.4 மணி நேர வால்மீன் நாளில் ஆறேழு மணி வெயில் கிடைத்திருக்கும். போய் விழுந்த பாறை இடுக்கில் ஒன்றரை மணிதான். முதல் பேட்டரி சார்ஜ் ஏறாத வகை, சுமார் 60 மணி நேரத்துக்கு. இரண்டாவதைச் சார்ஜ் பண்ணலாம், ஆனால் முதலில் அதைப் பூஜ்ஜியம் டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். கிடைக்கும் வெயில் அதற்கே போதவில்லை. கடைசி முயற்சியாக உடலை 4 செ.மீ. தூக்கி 35 டிகிரி திருப்பினார்கள். நவம்பர் 15 அதிகாலை ஓய்ந்தது. 2015 ஜூன் 13இல் வெயில் கூடியதும் பேசியது, ஜூலை 9க்குப் பிறகு சத்தமில்லை. இடுக்கில் சாய்ந்து கிடக்கும் படம் 2016 செப்டம்பர் 2இல், 2.7 கி.மீ. உயரத்திலிருந்து கிடைத்தது.

ஆறாம் வகுப்பு மாணவி, ஊட்டி: வால்மீன் வாசனை எப்படி இருக்கும் மேடம்?

அழுகிய முட்டை, மாட்டுக்கொட்டகை, ஃபார்மலின், கொஞ்சம் கசப்பு பாதாம். ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா, ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு எல்லாம் அங்கே கிடைத்தன. அளவு ரொம்பக் குறைவு.

முத்தோரை: நம்ம ஊர் ரேடியோ தொலைநோக்கியில் ரோசெட்டாவைக் கேட்டிருக்க முடியுமா?

முடியாது. முத்தோரைத் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்பது. ரோசெட்டா பேசியது சுமார் 2 கிகாஹெர்ட்ஸிலும் 8.4 கிகாஹெர்ட்ஸிலும். ஆஸ்திரேலியாவின் நியூ நார்சியா, ஸ்பெயினின் செப்ரெரோஸ் நிலையங்களில் உள்ள 35 மீட்டர் தட்டுகள் இப்படித் தொலைதூரக் கலங்களோடு பேசக் கட்டியவை. நம்முடையது 530 மீட்டர் நீளம், 11 டிகிரி மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. ஊட்டியின் அட்சரேகையும் அதே 11 டிகிரி, ஆகவே அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணை. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

குன்னூர்: பூமியின் தண்ணீர் வால்மீனிலிருந்து வந்ததா?

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு அடையாளம், அதில் கன ஹைட்ரஜன் (டியூட்டீரியம், கனமான வகை ஹைட்ரஜன்) எவ்வளவு என்ற விகிதம். 67பியில் அது நம் கடலைப் போல மூன்று மடங்கு என்று 2014இல் வந்தது. அதனால் இந்த மாதிரி வால்மீனிலிருந்து வந்திருக்காது என்றார்கள். 2024இல் அதே தரவை மறுபடி அலசியபோது, கலத்தருகே இருந்த தூசி அந்த எண்ணை ஏற்றிக் காட்டியது தெரிந்தது. தூசி குறைந்த தூரத்தில் எண் கடலை நெருங்குகிறது. கேள்வி திறந்தே இருக்கிறது.

கூடலூர்: ரோசெட்டாவை ஏன் மோதவிட்டார்கள்?

அப்போது வால்மீன் வியாழன் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, வெயில் குறைந்துகொண்டே வந்தது. இன்னொரு முறை தூங்க வைத்தால் எழும் என்ற உத்தரவாதம் இருக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு முடிக்கலாம் என்று 19 கி.மீ. உயரத்திலிருந்து 14 மணி நேரம் விழவைத்து, 2016 செப்டம்பர் 30இல் நொடிக்கு சுமார் 90 செ.மீ. வேகத்தில் இறக்கினார்கள்.

மஞ்சூர், ஆசிரியை: 67பியை நாம் இங்கிருந்து பார்க்கலாமா?

6.4 ஆண்டுக்கொரு முறை வரும். 2021 நவம்பரில் பூமிக்கு 6.3 கோடி கி.மீ. வரை வந்தது, அப்போதுகூடத் தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. அடுத்து 2028 ஏப்ரலில் சூரியனருகே வரும், அந்த அளவு நெருக்கம் இல்லை. இங்கே எந்த வால்மீனுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை மழை மேகம்தான் எதிரி. ஜனவரி, பிப்ரவரி உறைபனி இரவுகள் சுத்தமாக இருக்கும், ஆனால் கண்ணாடியில் பனி கோத்துவிடும். குழாயின் முன்னால் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு யோகா பாயைச் சுருட்டிக் கட்டுங்கள். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துக் குளிரவிடுங்கள். பனி பிடித்தால் துணியால் துடைக்க வேண்டாம், பூச்சில் கீறல் விழும். ஹேர் டிரையரை மெல்லிய சூட்டில் தூரப் பிடித்தாலே போய்விடும்.