அமெரிக்க உச்ச நீதிமன்றம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கே: ஒரு மேல்முறையீட்டை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பு சரி என்றுதானே பொருள்?

ப: இல்லை. ஒன்பது நீதிபதிகளில் நால்வர் விரும்பினால் மனு விசாரணைக்கு வரும். நால்வர் சேரவில்லை என்பதற்கு மேல் அந்த மறுப்பில் எதுவும் இல்லை. கீழ்த் தீர்ப்பு நிற்கும். அது உச்ச நீதிமன்றத்தின் கருத்தாகிவிடாது.

கே: 2022-இல் கருக்கலைப்பை நாடு முழுவதும் தடை செய்தது என்ன நியாயம்?

ப: தடை செய்யவில்லை. கருக்கலைப்பு உரிமை அரசமைப்பில் இல்லை என்று சொல்லி, அந்த உரிமையை ஏற்ற 1973-இன் ரோ தீர்ப்பை ரத்து செய்து, முடிவை மக்கள் பிரதிநிதிகளிடம் விட்டது. அந்த டாப்ஸ் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனாலும் எதிர்ப்பவர்கள் அது சொன்னதைச் சரியாகச் சொல்லி எதிர்க்க வேண்டும். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் வழக்குக்குக் காரணமான, 15 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் மிசிசிப்பி சட்டம் செல்லும் என்றார். ரோவை ரத்து செய்ய அவர் உடன்படவில்லை. 6-3 என்று மட்டும் படிப்பவர்களுக்கு இது தெரியாமலே போகிறது.

கே: அதிபர் நீதிபதியை நீக்க முடியுமா?

ப: முடியாது. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட் விசாரித்து நீக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் அப்படிக் குற்றம் சாட்டப்பட்டவர் சாமுவேல் சேஸ் ஒருவரே. 1805-இல் செனட் அவரை விடுவித்தது.

கே: இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றியதை ஏற்ற 1944-இன் கொரமாட்சு தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா?

ப: நல்ல கேள்வி. ஃபிரெட் கொரமாட்சு கலிபோர்னியாவில் பிறந்த குடிமகன். வெளியேற்ற உத்தரவை மீறித் தங்கியதற்காகத் தண்டிக்கப்பட்டார். நீதிமன்றம் 6-3 என்று அதை ஏற்றது. விசுவாசமான குடிமகளை முகாமில் அடைத்துவைக்க முடியாது என்று அதே நாளில் எண்டோ வழக்கில் சொன்னதும் இதே நீதிமன்றம்தான். சில நாட்டவர் அமெரிக்காவுக்குள் வர டிரம்ப் விதித்த பயணத் தடை பற்றிய வழக்கில், 2018-இல், கொரமாட்சு தீர்ப்பு வந்த நாளிலிருந்தே பெரும் தவறு என்று ராபர்ட்ஸ் எழுதினார்.

கே: ஐயா, அது வழக்கின் முடிவுக்குத் தேவைப்படாத கருத்து. முறைப்படி ரத்தாகவில்லை.

ப: முறைப்படி உங்கள் வாதம் சரி. இந்த வழக்குக்கும் கொரமாட்சுவுக்கும் சம்பந்தமில்லை என்று ராபர்ட்ஸே அதே இடத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் இனி எந்த நீதிமன்றமும் அதைத் துணைக்கு அழைக்கத் துணியாது.

கே: மனு தள்ளுபடியானால் கீழ்த் தீர்ப்பை ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: என் எச்-1பி விசா மறுக்கப்பட்டது. வழக்குப் போடலாமா?

ப: குடியேற்ற வழக்கறிஞரிடம் ஆவணங்களோடு உடனே செல்லுங்கள், காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

கே: கொரமாட்சுவைப் பெயரால் துணைக்கு அழைக்க மாட்டார்கள், தர்க்கத்தால் அழைப்பார்கள். பயணத் தடை வழக்கில் நீதிபதி சோட்டோமேயர் சொன்னதும் அதுதானே?

ப: ஆம், அங்கே நான் உங்கள் பக்கம். பாதுகாப்பு என்று அரசு சொன்னதைத் துருவிப் பார்க்காமல் ஏற்கும் அதே ஆபத்து திரும்புகிறது என்று தம் மாறுபட்ட கருத்தில் எழுதினார். கொரமாட்சுவின் தண்டனையை 1983-இல் சான் பிரான்சிஸ்கோ மாவட்ட நீதிமன்றம் நீக்கியதற்குக் காரணமே, அரசு தனக்குப் பாதகமான தகவல்களை உச்ச நீதிமன்றத்திடம் மறைத்திருந்ததுதான். ராணுவம் சொன்னதற்கு ஆதாரத்தை 1944-லேயே கேட்டிருக்க வேண்டும்.

கே: தள்ளுபடி செய்த மனு பற்றி…

ப: நால்வர் சேரவில்லை. அவ்வளவுதான்.