பத்து மணிக்கு மேல் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 48. காரைக்குடிப் பக்கம் ஒரு சிற்றூர். பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு கல்யாணம். கணவர் வங்கியில் இருக்கிறார். பையனுக்குப் புனேயில் வேலை, பெண் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மாமியார் பக்கவாதத்தில் விழுந்து ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தார். கடைசி இரண்டு வருடம் மூக்கில் டியூப் வைத்துத்தான் சாப்பாடு. போன வருடம் போய்ச் சேர்ந்தார். இப்போது காலை பத்து மணிக்கு வீட்டு வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நான் எதற்கு இருக்கிறேன் என்றே தெரியவில்லை. தையல் கிளாஸ் போனேன், தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்டேன், எல்லாம் பாதியில் நிற்கிறது. பெண் வாட்ஸ்அப்பில் ஒரு ஜப்பான் படம் அனுப்பினாள். நான்கு வட்டம் இருக்கிறது, நிரப்பினால் வாழ்க்கையின் நோக்கம் தெரிந்துவிடுமாம். ஒரு வட்டத்தைக்கூட என்னால் நிரப்ப முடியவில்லை. எனக்கென்று ஒரு திறமையும் கிடையாது. தெருவில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து டியூபோடு வந்தால் "அக்கா, கொஞ்சம் வந்து காட்டுங்க" என்று கூப்பிடுவார்கள், போவேன், அவ்வளவுதான். கணவரிடம் சொன்னால் "உனக்கென்ன குறை, நிம்மதியா இரேன்" என்கிறார். இந்த வயதில் என் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்படி ஏதாவது கிடைத்தால் அதற்குக் காசு வாங்கலாமா?

பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்: அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்த "அவ்வளவுதான்" கண்ணில் பட்டது. தையல் கிளாஸையும் ஓவியத்தையும் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். ஊரார் உங்களை வீடு தேடி வந்து கூப்பிடும் ஒரே விஷயத்தை அரை வரியில் எழுதித் தள்ளிவிட்டீர்கள். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த நான்கு வட்டப் படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், மனசு லேசாகும். பிடித்தது, கைவந்தது, உலகத்துக்குத் தேவையானது, காசு தருவது என்று நான்கு வட்டம், நடுவில் "இக்கிகாய்", அதாவது வாழ்வதற்கான பிடிப்பு. இது ஜப்பானியப் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவந்தது ஒன்றும் இல்லை. வட்டங்களைப் போட்டவர் ஆந்த்ரேஸ் சுசுனாகா என்ற ஸ்பெயின்காரர். அவர் நடுவில் "நோக்கம்" என்றுதான் எழுதியிருந்தார். 2014இல் மார்க் வின் என்ற ஆங்கிலேயர் அதை அழித்துவிட்டு இந்த ஜப்பானியச் சொல்லைப் போட்டார். அதற்கப்புறம்தான் அது உலகம் சுற்றி உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தது. அதை நிரப்ப முடியாததற்காக வருத்தப்படாதீர்கள். பெண்ணையும் கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மா சோர்ந்து கிடக்கிறாள் என்று கவனித்திருக்கிறாளே, அது போதும்.

ஜப்பானில் இந்த விஷயத்தை நிஜமாகவே ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. மியெகோ காமியா என்ற மனநல மருத்துவர். ஒகயாமா பகுதியில் நாகாஷிமா என்றொரு தீவு. 1930இல் தொழுநோயாளிகளுக்காக அரசு அங்கே ஒரு இல்லம் திறந்தது. நோய் வந்தவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள். தனிமைப்படுத்தும் அந்தச் சட்டம் 1996இல்தான் ஒழிந்தது. காமியா 1950களின் பிற்பகுதியிலிருந்து அந்தத் தீவுக்குப் போய்வந்து நோயாளிகளைப் பார்த்தார். எல்லாவற்றையும் இழந்த பிறகும் சிலருக்கு எப்படி வாழப் பிடித்திருக்கிறது, மற்றவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. 1966இல் அதை ஒரு நூலாக எழுதினார்.

அதே தீவில், நோயால் பார்வையும் போன சிலர் சேர்ந்து ஒரு ஹார்மோனிகா இசைக்குழு வைத்திருந்தார்கள். பார்வை இல்லாதவர்கள் இசைக் குறிப்பைப் புள்ளி எழுத்தில்தானே படிக்க வேண்டும்? தொழுநோயில் விரல்நுனி உணர்ச்சியும் போய்விட்டிருந்தது. அதனால் அந்தப் புள்ளிகளை நாக்கால் தடவித் தடவிப் படித்தார்கள்.

அவர்கள் யாரும் உட்கார்ந்து தங்கள் நோக்கம் என்ன என்று யோசித்து அந்தக் குழுவில் சேர்ந்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். ஆனால் சேர்ந்த பிறகு ஒருவர் ஒத்திகைக்கு வராவிட்டால் பாட்டில் அவருடைய இடம் காலியாகத்தான் இருக்கும். மற்றவர்கள் அவரை எதிர்பார்ப்பார்கள். ஒரு மனுஷிக்கு வேண்டியது அதுதான் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் போகாவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒரு ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

தையல் கிளாஸ் ஏன் நின்றது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். திறமை இல்லாததால் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் அந்த ஜாக்கெட்டை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஓவியமும் அப்படித்தான், கல் பதித்து முடித்தால் ஹாலில் மாட்டுவீர்கள். ஒன்பது வருடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்னொருவரைத் திருப்பிப் படுக்க வைத்த கைக்கு அது எப்படிப் போதும்?

உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் சொல்லட்டுமா? மூக்குக் குழாயில் உணவு கொடுப்பதற்கு முன் தலைமாட்டை உயர்த்தி, குழாய் நகர்ந்துவிட்டதா என்று மூக்கோரத்தில் போட்ட அடையாளத்தைப் பார்த்து, கஞ்சியைத் திப்பி இல்லாமல் வடிகட்டி, சிரிஞ்சில் மெதுவாக விட்டு, கடைசியில் வெந்நீர் ஆறவைத்து விட்டுக் குழாயைக் கழுவி, அரை மணி நேரமாவது சாய்த்தே வைத்திருந்து, நடுவில் இருமல் வந்தால் உடனே நிறுத்தி... இதை அன்றாடம் எத்தனை வேளை செய்திருப்பீர்கள்! ஒன்பது வருடப் படுக்கையில் முதுகிலும் குதிகாலிலும் புண் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் கட்டாயம் எழுதியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் தெருவில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பாவை டிஸ்சார்ஜ் பண்ணிவிட்டார்கள். நர்ஸ் ஐந்து நிமிஷம் காட்டிக் கொடுத்தார், பயத்தில் பாதி மண்டையில் ஏறவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு அந்த வீட்டு மருமகள் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். அந்த நேரத்தில் அவளுக்கு டாக்டரைவிட நீங்கள்தான் வேண்டும். இதைத் திறமை இல்லை என்று யார் சொன்னது? சான்றிதழ் தராத வேலையை நாம் வேலையாகவே எண்ணுவதில்லை. அதிலும் வீட்டுப் பெண் செய்தால் அதற்குக் "கடமை" என்று பெயர் வைத்து முடித்துவிடுவோம்.

கேரளத்தில் இதை வைத்தே ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியவர்கள் பேலியேட்டிவ் கேர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். குணப்படுத்த முடியாத நோயாளிக்கு வலியைக் குறைத்துக் கவனித்துக்கொள்ளும் சிகிச்சை அது. பிறகு மலப்புறம் பக்கம் அது தெருத்தெருவாகப் பரவியது. டாக்டர்களால் மட்டும் அது நடக்கவில்லை. அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்கள் தொண்டர்களாகச் சேர்ந்து, பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரத்தில் சில மணி நேரம் படுக்கையில் இருப்பவர் வீடுகளுக்குப் போனார்கள். 2008இல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கை வகுத்தது.

நம் ஊரிலும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். அதிலேயே நோய் ஆதரவு சேவைக்கு, அதாவது மேலே சொன்ன பேலியேட்டிவ் கேருக்கு, செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீடு தேடி வருவதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் போய் அந்தச் செவிலியரைப் பாருங்கள். "நான் ஒன்பது வருடம் பார்த்தவள், வாரத்தில் ஒரு நாள் உங்களோடு வரலாமா?" என்று கேளுங்கள். முதல் தடவை "பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிடக்கூடும். இரண்டாம் தடவை போங்கள். முறையாகக் கற்க வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பு இருக்கிறது, ராஜகோபால் தொடங்கியதுதான். அவர்களிடம் விசாரியுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: குழாயைப் பொருத்துவது, மாற்றுவது, மருந்தைக் கூட்டிக் குறைப்பது இதையெல்லாம் யார் கெஞ்சினாலும் செய்யாதீர்கள். அது செவிலியர் வேலை. காட்டிக் கொடுப்பதும் கூட இருப்பதும் உங்கள் வேலை.

"மறுபடியும் படுக்கையறை வாடையா? ஒன்பது வருடம் போதாதா?" என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயம்தான். போதும் என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. அப்படியானால் வேறொன்று சொல்கிறேன். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வில் சொல்லச் சொல்ல எழுத ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இந்தத் தேதி, இந்த நேரம், இந்த ஹால். நீங்கள் போகாவிட்டால் ஒரு பிள்ளைக்கு அந்தப் பேப்பர் போய்விடும். எதிர்பார்ப்பது என்றால் இப்படி இருக்க வேண்டும்! எழுதுபவரின் படிப்பு தேர்வெழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று சில தேர்வுகளில் விதி உண்டு, உங்கள் பட்டம் அங்கே இடிக்கலாம். அந்தந்தக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத முடியாவிட்டால் பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

எதைத் தொடங்கினாலும் கிழமையையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். "நேரம் கிடைக்கும்போது வருகிறேன்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் தஞ்சாவூர் ஓவியத்தின் கதிதான். புதன்கிழமை பதினோரு மணி என்றால் புதன்கிழமை பதினோரு மணி. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து வந்தால்கூட முதலில் புதன்கிழமையைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மாமியார் போய் ஒரு வருடம்தான் ஆகிறது. ஒன்பது வருடம் ஒருவர் மூச்சைக் கவனித்துக்கொண்டே தூங்கியவர் நீங்கள். இந்த வெறுமையில் பாதி துக்கம், மிச்சத்தில் பாதி உடம்புக் களைப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. மாதவிடாய் நிற்கும் வயதும்கூட. தூக்கம் சரியாக வராமல், எதிலும் பிடிப்பு இல்லாமல், காரணம் இல்லாமல் அழுகை வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் மேலே சொன்ன எதையும் தொடங்க வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிட்டுப் பேசலாம். டெலிமானஸ் என்ற அரசுச் சேவை, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

கணவர் சொல்வதைப் பற்றி. "நிம்மதியா இரேன்" என்பவர் கெட்டவர் இல்லை. தன் அம்மாவை நீங்கள் பார்த்துக்கொண்டதற்கு அவர் தரும் ஓய்வூதியம் அது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவருக்குத் தினமும் காலையில் பஞ்ச் பண்ண ஓர் இடம் இருக்கிறது. ரிட்டையர் ஆன மறு மாதமே உங்கள் கேள்வியை அவரும் கேட்பார், பாருங்கள். அவரிடம் அனுமதி கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள். "புதன்கிழமை மத்தியானம் நான் இருக்க மாட்டேன், சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கும்." அவ்வளவு போதும்.

அப்புறம் காசு. தாராளமாக வாங்கலாம், ஆனால் எதற்கு வாங்குவது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் அரை மணி நேரம் போய்க் காட்டிவிட்டு வருவதற்கு வேண்டாம். கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள், நாளைக்கு உங்களைக் கூப்பிட அவர்கள் தயங்கக் கூடாது. சுகாதார நிலையத்துச் செவிலியரோடு போகும் வீடுகளிலும் வேண்டவே வேண்டாம். ஆனால் "அக்கா, நாங்கள் கல்யாணத்துக்குப் போகிறோம், காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் அது முழு நாள் வேலை. ஏஜென்சியிலிருந்து ஆள் கூப்பிட்டால் அந்த வீட்டார் எவ்வளவு கொடுப்பார்களோ அதை விசாரித்து வைத்துக்கொண்டு, அதே தொகையைக் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "நீங்களா பார்த்துக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஒரு புடவையை வைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.