ஏரிப் பக்கம் மனை வாங்கலாமா?

கேள்வி: ஊசுட்டேரி பக்கம் ஒரு மனை விலைக்கு வருகிறது. சரணாலயம் என்பதால் யோசிக்கிறேன். ஏரி, பறவை என்றே பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் எப்போதுதான் வளர்வது? - வாசகி, வில்லியனூர்

பதில்: வளரட்டும், அதை யார் வேண்டாம் என்றது? எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதுதான் விஷயம். ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008-லேயே சரணாலயமாகிவிட்டது, விழுப்புரம் மாவட்டத்துப் பகுதி அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஆனது. கூழைக்கடாவையும் வலசை வாத்துகளையும் பார்க்கப் போகிற நாம், ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்ப்பதில்லை. சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்காலில் கொஞ்சம் வருகிறது, மற்றது சுற்றியுள்ள மேட்டு நிலங்களிலிருந்து வழிந்து வரும் மழைநீர். சரணாலய எல்லைக்குள் ஒரு செங்கல்கூட வைக்காமல், வெளியே வரத்து வாய்க்காலைத் தூர்த்து லேஅவுட் போட்டாலே ஏரி வறண்டுவிடும், அப்புறம் பறவையும் வராது, உங்கள் போர்வெல்லிலும் தண்ணீர் இறங்கிவிடும். அதே வாய்க்கால் தண்ணீர் மழையில் பழைய தடத்தைத் தேடி வீட்டுக்குள் நுழையும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியதே, அப்படி ஒரு மழைக்கு எந்த மோட்டாரும் ஈடு கொடுக்காது.

அதனால் பத்திரம், வில்லங்கம் பார்ப்பதோடு நிறுத்தாமல், நில எல்லையும் வாய்க்காலும் காட்டும் புல வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். மனையை ஒட்டி வாய்க்காலோ ஓடையோ இருந்தால், அப்ரூவல் இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஏரி நிரம்பி கலங்கல் (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அங்கே பயிர் வைக்கும் பெரியவர் யாரையாவது கேளுங்கள். ஏற்கெனவே வீடுகள் உள்ள தெருவில் காலி மனை கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு.

கேள்வி: ஆமைக்காகக் கடற்கரை விளக்கை அணைக்கச் சொல்வது நியாயமா? - வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: நியாயம்தான். பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கரையில் முட்டையிடும், ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும். இரவில் வெளிச்சமாகத் தெரியும் பக்கம்தான் கடல் என்று அவை நகரும், ஹைமாஸ்ட் (உயரக் கம்பத்து விளக்கு) எரிந்தால் ரோட்டுக்கு வந்து நாய் வாயில் விழும். முழுக்க இருட்டாக்க வேண்டியதில்லை. முட்டையிடத் தொடங்குவதிலிருந்து குஞ்சுகள் வெளிவந்து முடியும்வரை மணல் பக்கம் படாதபடி விளக்குக்கு மறைப்புப் போட்டு, தெருவைப் பார்த்துத் தாழ்வாக வைத்தால் மக்களுக்கும் வெளிச்சம் இருக்கும். முட்டைக் குழியைப் பார்த்தால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.