நார்ச்சத்து சீரியல் சாப்பிட்டும் மலச்சிக்கல் தீரவில்லையே, ஏன்?

கேள்வி: என் வயது 48. தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்ஸின் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 5.9 இருக்கிறது. மலச்சிக்கலுக்காக மூன்று வாரமாகக் காலையில் ‘அதிக நார்ச்சத்து’ என்று அச்சிட்ட கோதுமைத் தவிட்டு ஃபிளேக்ஸ் ஒரு கிண்ணம் சாப்பிடுகிறேன். பாலும் இரண்டு டீஸ்பூன் தேனும் சேர்த்துக்கொள்வேன். மாத்திரையையும் அப்போதே போட்டுவிடுகிறேன். இப்போது வயிறு உப்புகிறது. மலச்சிக்கல் முன்பைவிடக் கூடியிருக்கிறது. டப்பாவில் 100 கிராமுக்கு நார்ச்சத்து 15 கிராம், சர்க்கரை 22 கிராம், உப்பு 0.9 கிராம் என்று போட்டிருக்கிறது. இது சத்தான உணவுதானா? நிறுத்திவிடலாமா?

மருத்துவர் பதில்: நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சீரியலைப் பற்றிப் பேசுவதற்கு முன், நாளைக் காலையிலிருந்தே மாத்திரை போடும் நேரத்தை மாற்றுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான்.

லெவோதைராக்ஸின் சிறுகுடலில் உறிஞ்சப்படும் மருந்து. வயிறு காலியாக இருக்கும்போதுதான் அது முழுமையாக உடலில் சேரும். தவிட்டில் உள்ள நார் மருந்தின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாலில் உள்ள கால்சியமும், பல சீரியல்களில் கூடுதலாகச் சேர்க்கப்படும் இரும்பும் அப்படியே செய்யும். மருந்து சரியாகச் சேராவிட்டால் தைராய்டு குறைவு தலைதூக்கும், குடலின் அசைவு மந்தமாகும், மலம் இறுகும். மலச்சிக்கலுக்காக நீங்கள் சாப்பிடும் சீரியலே, அதைக் குறைக்க வேண்டிய மருந்தை வீணாக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 30 முதல் 60 நிமிடம் கழித்துக் காலை உணவு சாப்பிடுங்கள். காபியும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான். காலையில் முடியாது என்றால், இரவு உணவு முடிந்து குறைந்தது 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் எடுப்பவராக இருந்தால் அவற்றுக்கும் இதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். 6 முதல் 8 வாரம் ஒரே ஒழுங்கில் எடுத்தபின் டிஎஸ்எச் (தைராய்டு நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்யுங்கள். இனி மருந்து கூடுதலாக உடலில் சேரும் என்பதால், அதற்குள் படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வை தெரிந்தால் காத்திருக்காமல் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இனி சீரியலுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 100 கிராமில் 6 கிராம் நார் இருந்தாலே ‘அதிக நார்ச்சத்து’ என்று அச்சிடலாம். உங்கள் டப்பாவில் 15 கிராம் இருப்பதால் அந்த வாசகம் பொய்யில்லை. ஆனால் சர்க்கரையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. டப்பாக்களில் ‘ஒரு பரிமாறல்’ என்று பெரும்பாலும் 30 கிராமைத்தான் போடுவார்கள். கிண்ணத்தில் கண்ணளவாகக் கொட்டினால் 60 கிராம் சாதாரணமாக விழும். சமையல் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். 60 கிராம் என்றால் நார் 9 கிராம் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வேளையில் வந்துவிடுகிறது. நல்ல பங்குதான். ஆனால் கூடவே சீரியலில் 13 கிராம் சர்க்கரை, தேனில் ஏறத்தாழ 12 கிராம் என மொத்தம் 25 கிராம் சேர்கிறது. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைப்பது நல்லது என்பதும் அதே நிறுவனத்தின் பரிந்துரை. அன்றைய கணக்கு காலையிலேயே முடிந்துவிடுகிறது. சீரியலில் உலர்திராட்சை கலந்திருந்தால் 22 கிராமில் ஒரு பங்கு பழத்தின் சொந்தச் சர்க்கரையாக இருக்கலாம். சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரும். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மொலாசஸ், மால்ட் சாறு எல்லாம் தனித்தனிப் பெயரில் சிதறிக் கிடந்தாலும் உடலுக்கு எல்லாம் சர்க்கரைதான்.

எச்பிஏ1சி 5.9 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை (5.7 முதல் 6.4 வரை). கோதுமைத் தவிட்டின் நார் பெரும்பாலும் தண்ணீரில் கரையாதது. மலத்தின் பருமனைக் கூட்டும், ஆனால் சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையைப் பெரிதாகத் தடுக்காது. தட்டையாக்கி வாட்டிய ஃபிளேக்ஸில் உள்ள மாவுச்சத்தும் வேகமாகச் செரித்துவிடும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார் வேறு வகை. அது தண்ணீரில் கரைந்து கொழகொழப்பாகிச் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும். நாளைக்கு 3 கிராம் கிடைத்தால் கெட்ட கொழுப்பான எல்டிஎல் அளவும் ஓரளவு குறையும். 40 கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ 1.6 கிராம் இருக்கிறது. ஆகவே 30 கிராம் தவிட்டு சீரியலையும் 30 கிராம் சர்க்கரை சேர்க்காத ஓட்ஸையும் கலந்து சாப்பிடுவதே உங்களுக்கு ஏற்றது. தேனை விட்டுவிட்டு, நறுக்கிய பழம் சேருங்கள். 60 கிராம் சீரியலில் புரதம் ஐந்தாறு கிராம்தான் இருக்கும் என்பதால் ஒரு முட்டையோ, ஒரு கைப்பிடி கொட்டைகளோ, இனிப்பில்லாத தயிரோ கூட இருக்கட்டும். தவிட்டில் இயற்கையாக உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வதைக் குறைக்கும். வைட்டமின் சி உள்ள பழம் இரும்பு விஷயத்தில் அதை ஓரளவு ஈடுகட்டும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

வயிறு உப்புவதற்குக் காரணம், நார் ஒரேயடியாகக் கூடியதுதான். செரிக்காத நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது வாயு உண்டாகும். பழகச் சில வாரம் ஆகும். சேர்மானத்தில் இன்யூலின் அல்லது சிக்கரி வேர் நார் இருந்தால் உப்புசம் இன்னும் அதிகம். அப்படியானால் அது இல்லாத டப்பாவுக்கு மாறுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் நார் மலத்தைப் பெரிதாக்குமே தவிர இளக்காது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: கரடுமுரடான தவிடுதான் குடல்சுவரைத் தூண்டி நீரும் சளியும் சுரக்க வைக்கிறது. பொடியாக அரைத்த தவிடு சிலருக்கு மலத்தை மேலும் இறுக்கிவிடும்.

முதல் வாரம் 15 கிராம் தவிட்டு சீரியல் போதும். மீதியை ஓட்ஸால் நிரப்புங்கள். உப்புசம் அடங்கினால் இரண்டாம் வாரம் 30 கிராம். அடங்காவிட்டால் இன்னொரு வாரம் அதே அளவிலேயே இருங்கள், அவசரமில்லை. உணவோடு ஒரு டம்ளர், முற்பகலில் ஒரு டம்ளர் எனத் தொடங்கி, நாள் முழுக்க ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் போகட்டும். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது. சாப்பிட்டு 20 முதல் 30 நிமிடத்தில் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் அவசரப்படாமல் கழிப்பறைக்குச் செல்லுங்கள். நான்கு வாரம் கழித்தும் மலம் இளகாவிட்டால் தவிட்டைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். இசப்பகோல் உமி நிறையத் தண்ணீரோடு பலருக்குத் தவிட்டைவிட நன்றாக வேலை செய்கிறது. அதையும் தைராய்டு மாத்திரையிலிருந்து தள்ளியே எடுக்க வேண்டும்.

அடுத்த டப்பா வாங்கும்போது 100 கிராமுக்கு நார் 10 கிராமுக்கு மேல், சர்க்கரை 5 கிராமுக்குள் அல்லது அதை ஒட்டி, உப்பு அரை கிராமுக்குள் இருப்பதைத் தேடுங்கள். முழுதானியம் அல்லது தவிடு பட்டியலில் முதலில் இருக்க வேண்டும்.

குடல் சுருக்கம், முன்பு குடல் அடைப்பு, இரைப்பை மெதுவாகக் காலியாகும் பிரச்சினை உள்ளவர்கள் தவிட்டு சீரியலைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்குத் தவிட்டின் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சிக்கல். சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) உள்ளவர்களுக்குக் கோதுமை மட்டுமின்றி பார்லி மால்ட் சேர்ந்ததும் ஆகாது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, அண்மையில் திடீரென மாறிய மலப் பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் என எது இருந்தாலும் சீரியலைச் சரிசெய்துகொண்டு நாள் கடத்த வேண்டாம். நேரில் பரிசோதனை வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், பல நாடுகளில் 45 அல்லது 50 வயதிலேயே பெருங்குடல் பரிசோதனையைத் தொடங்கப் பரிந்துரைக்கிறார்கள். டிஎஸ்எச் பார்க்கப் போகும்போது இதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.