மாத்திரையும் நோக்கமும்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் வண்டன்மேடு, தமிழக எல்லையை ஒட்டிய கேரள மலையூர். சிறிய ஏலத்தோட்டம் உண்டு. மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். பத்து நாளில் நிறுத்திவிட்டேன். மாத்திரை தரும் தெளிவு என்னுடையது ஆகாது என்று தோன்றியது. எதற்காக வாழ்கிறேன் என்று தெரிந்தால் தானாக எழுந்துவிடுவேன். அதற்கு எதைப் படிக்கலாம்? தமிழனாகவும் இல்லாமல் மலையாளியாகவும் இல்லாமல் வளர்ந்ததுதான் காரணமா?

ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு: இல்லை. எல்லையில் பிறந்தவர்களெல்லாம் படுத்துவிட்டால் கம்பம் சந்தையில் காய்கறி வாங்க ஆள் இருக்காது.

வண்டன்மேடு என்றதும் சித்தி நினைவுக்கு வந்தாள். விடியும் முன் ஜீப்பில் கம்பம்மெட்டு மலை ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களில் அவளும் ஒருத்தி. ஒரு மழைக்காலத்தில் பேச்சு நின்றது. தலை வாருவதும் நின்றது. மந்திரித்துப் பார்த்தார்கள், கடைசியில் மதுரையில் டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் குமட்டலும் தூக்கமும்தான் மிச்சம். ஆனாலும் ஜீப் ஹாரன் அடித்தால் பக்கத்து வீட்டு அக்கா வந்து கையைப் பிடித்து ஏற்றிவிடுவாள்.

உங்களுக்குத் தெரியாததா? ஏலக்காய்ச் சரம் செடியின் தூரில், தரையோடு கிடக்கும். குனிந்து முற்றிய காயை மட்டும் எடுக்க வேண்டும், பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். சித்தியின் விரலுக்கு அந்த வித்தியாசமே மறந்திருந்தது. எடை போடும் நேரத்தில் அக்கா தன் பையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் பையில் போடுவாள். சித்தி நோக்கத்தோடும் போகவில்லை, பிடித்தும் போகவில்லை. மாதங்கள் கழித்து ஒருநாள் அக்காவின் கையைப் பார்த்து, "இது பிஞ்சுக்கா" என்றாளாம்.

வேலை குணமாக்கியது என்று படித்துவிடாதீர்கள். மாத்திரையும் நிற்கவில்லை. நான் சொல்வது வரிசையைப் பற்றி. இந்த நோய் முதலில் தின்பதே பிடிப்பைத்தான். பிடிப்பு வந்தபின் எழுவேன் என்றால் எப்போது எழுவீர்கள்? மனம் வரட்டும் என்று காத்திராமல் சின்னக் காரியங்களை நேரம் குறித்துச் செய்யவைப்பது சிகிச்சையில் ஒரு பகுதி. அந்தப் பகுதியை மட்டும் தனியாகக் கொடுத்து, எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சையோடு ஒப்பிட்டார் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன். 1996இல் வந்த அந்த ஆய்வில் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

அப்புறம், பத்து நாள்! நாற்று வைத்த பத்தாம் நாள் காய்க்கவில்லை என்று உங்கள் வீட்டில் பிடுங்கிப் போடுவார்களா? இந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதல். தொல்லை முதலில் வரும், பலன் பின்னால் வரும். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதென்றாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான். "என்னுடைய தெளிவு" என்பதெல்லாம் என் சக எழுத்தாளர்கள் பரப்பிவைத்த பேச்சு. அவர்கள் பல்வலிக்கு டாக்டரிடம்தான் ஓடுகிறார்கள்.

புத்தகம் இப்போது வேண்டாம். அதே டாக்டரிடம் போய், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் இப்படிச் சோர்வு வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் விபரீதமாக ஏதாவது தோன்றினால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பார்கள், காசில்லை, தமிழிலோ மலையாளத்திலோ பேசலாம். டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள் தம்பி. வழியெல்லாம் அறிவுரை சொல்லாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.